நாற்பத்து நாலு மில்லிமீட்டர் மாப்பிள்ளை

என் தங்கை ஹேமலதா எதையெல்லாம் ஜெயித்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெந்துபோன வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அந்தக் கை இன்றும் அவளிடம்தான் இருக்கிறது. அந்தக் கையோடு தறியில் உட்கார முடியாது என்றார்கள். ஆரணியில் கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற பட்டுச்சேலைக்கு அவளைத் தேடி வருகிறார்கள். டி.வி.எஸ். வண்டிக்கு ஆக்சிலேட்டர் வலது பக்கம், அதை எப்படித் திருகுவாள் என்றார்கள். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கண்ணமங்கலம் வரை போய் வருகிறாள். மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலைய விட்டார்கள், வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறாள். நெசவாளர்களுக்கு வைத்த டிசைன் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவர் போட்டி நடத்தியவரின் மைத்துனர். அதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை.

பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட இவற்றில் எதையும் கேட்டதில்லை. காபியை வாங்கிக்கொண்டு, கேசரியைத் தின்றுகொண்டு, கண்ணை மட்டும் அவள் மடிக்கு இறக்குவார்கள். அங்கேதான் அவள் வலது கை இருக்கும். தட்டைக் காலி செய்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அந்தத் தட்டுகளைக் கழுவுவது எனக்கு எச்சில் இலை எடுப்பதைவிட அருவருப்பாக இருக்கும்.

கை வெந்தது அவளுடைய பதினொன்றாம் வயதில். பட்டு நூல் வரும்போது பிசினோடு வரும். அதைச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால்தான் பளபளப்பு வரும். அப்படிக் கொதித்துக்கொண்டிருந்த அண்டா சாய்ந்தது. நடு விரல்கள் மூன்றும் ஒட்டிக்கொண்டன. பெருவிரலும் சுண்டுவிரலும் மடங்கும், அவ்வளவுதான். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை ஓட்டும் கயிற்றை மற்றவர்கள் விரலால் பிடித்து இழுப்பார்கள். இவள் கயிற்றின் முனையில் ஒரு வளையம் முடிந்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இழுப்பாள். வளையத்துக்குள் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருப்பாள். கொஞ்சம் இறுகினால் தோல் உரியும், கொஞ்சம் தளர்ந்தால் நழுவும். மணிக்கட்டில் எது உட்காரும், எது உறுத்தும் என்பது அவளுக்கு அப்படிப் பழகியது.

அவளுடைய முப்பதாம் வயதில் ராஜ்குமார் வீட்டுச் சம்பந்தம் வந்தது. ராஜ்குமாருக்கு ஊரில் பட்டுக் கடை. மகன் கிரணும் கடையில்தான். ஹேமாவின் கையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "அது ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா, குணம்தான் வேணும்" என்றார் ராஜ்குமார். எங்கள் அம்மா அபிதகுசாம்பாள் அன்றைக்கு அழுத அழுகையில் பொட்டு கரைந்துவிட்டது. ஹேமாவுக்கும் கிரணைப் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த வாரமே தன் முகூர்த்தச் சேலையைத் தானே நெய்யப்போவதாகச் சொல்லி, மாம்பழ மஞ்சளில் பாவு ஏற்றினாள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல். அதற்கு அரக்கு நிறக் கரை.

பணமோ நகையோ அவர்கள் கேட்கவில்லை. வாட்ச் மட்டும். எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுவது வழக்கம். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால் என் கணவர் அன்பரசு கட்ட வேண்டும். சாதாரணமாக டைட்டனோ எச்.எம்.டி.யோ கட்டுவார்கள். கிரண் போனில் ஒரு படம் அனுப்பினார். கடலுக்குள் மூழ்குகிறவர்கள் கட்டுகிற வாட்சாம். ஸ்விட்சர்லாந்து. டைவ் வாட்ச் என்று பேர்.

"அவரு எங்க மூழ்கப் போறாராம்?" என்றார் அன்பரசு.

"கேட்டதுக்கு வாங்கிக் குடுக்கணும் மாமா. நான் நெய்ஞ்சி சேத்த பணம்தான? ஆனா நல்லதா பாத்து வாங்கணும்" என்றாள் ஹேமா.

நல்லதைப் பார்ப்பது எப்படி என்று அவள் ஆரம்பித்தால் முடிவதற்குள் மனுஷன் கிழவனாகிவிடுவான். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறு, எதிரே போன். மலையாளம், இந்தி, இங்கிலீஷ் எதில் பேசினாலும் வாட்ச் வீடியோ. பாஷை புரியாவிட்டாலும் எண்கள் புரியும். வாட்சின் அகலம், கனம், தடிப்பு, ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நீளம். செயின் சேருகிற இடத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் காது என்கிறார்கள். வாட்ச் கையில் உட்காருமா என்பதை அகலத்தைவிட அந்த நீளம்தான் தீர்மானிக்கும் என்று அவள் சொன்னாள். அன்பரசு ஒரு பட்டு நூலைக் கொண்டுபோய்க் கிரணின் மணிக்கட்டைச் சுற்றி அளந்து வந்தார். பதினாறரை சென்டிமீட்டர். ஒல்லிக் கை.

ஆனி மாதக் கடைசியில் நானும் அன்பரசுவும் ஹேமாவும் கிரணும் சென்னைக்குப் பஸ் ஏறினோம். கடைக்குள் ஏ.சி. குளிர், பூக்கடை வாசனை. காசு கொடுத்துப் பொருள் வாங்கப் போகிறவர்கள் செருப்பு ஓசை வராமல் நடக்க வேண்டிய கடையை நான் அன்றுதான் பார்த்தேன். விற்பனை செய்கிற பையன் கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு மூன்று வாட்சுகளைத் தட்டில் வைத்தான். கம்பெனிப் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. ஒன்று முப்பத்தொன்பது மில்லிமீட்டர், ஒன்று நாற்பத்தொன்று, ஒன்று நாற்பத்து நாலு. நாங்களும் அவற்றை அப்படித்தான் கூப்பிட்டோம்.

நாற்பத்தொன்று உலகம் முழுக்கப் பேர்பெற்றதாம். கையில் போட்டால் வாட்ச் இருப்பதே தெரியவில்லை. விற்றாலும் வாங்கின விலைக்குப் போகுமாம். ஆனால் அந்த விலைக்கு எங்கள் தறி இரண்டையும் நாங்கள் குடியிருக்கும் வீட்டோடு சேர்த்து விற்க வேண்டும். ஹேமா அதைக் கையில் போட்டுப் பார்த்து, மரியாதையாகக் கழற்றி வைத்துவிட்டாள்.

முப்பத்தொன்பதும் நாற்பத்து நாலும் ஏறக்குறைய ஒரே விலை. அந்த விலையும் அவள் வருஷக் கணக்காகத் தறியில் உட்கார்ந்து சேர்த்தது. எனவே கேள்வி, எது சரியாக இருக்கும் என்பதுதான். அவள் ஒவ்வொன்றையும் கிரண் கையில் போட்டாள். முப்பத்தொன்பதின் காதுகள் மணிக்கட்டுக்குள் அடங்கின. கீழ்ப்பக்கம் வளைந்து தோலோடு ஒட்டின. நாற்பத்து நாலின் காதுகள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டின. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினது போல இருந்தது. சட்டைக் கையின் பொத்தானைப் போடச் சொன்னாள். முப்பத்தொன்பது உள்ளே போனது. நாற்பத்து நாலு போகவில்லை. சட்டை தூக்கிக்கொண்டு நின்றது. கையைக் கீழே தொங்கவிட்டு உதறச் சொன்னாள். பெரியது சுழன்று உள்ளங்கைப் பக்கம் வந்துவிட்டது. சின்னதன் கொக்கியில், வெயிலில் கை வீங்கினால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வசதி இருந்தது. பெரியதில் அதற்கு ஒரு கண்ணியையே கழற்ற வேண்டும்.

கடைசியாகப் பையிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்தாள். டைவ் வாட்சில் கண்ணாடியைச் சுற்றிப் பல் வைத்த ஒரு வளையம் இருக்கும். ஈரக் கையால் திருகுவதற்காக அந்தப் பல். சின்னதன் மேல் துண்டை இழுத்தாள். பல் பொடியாக இருந்ததால் வழுக்கிக்கொண்டு வந்தது. பெரியதன் மேல் இழுத்தாள். துண்டு மாட்டிக்கொண்டு ஒரு இழை எழும்பியது.

"நீங்க கடையில சேல விரிக்கறவரு. இது ஆவாது" என்றாள்.

"சேல விரிக்க ஆளுங்க இருக்காங்க" என்றார் கிரண், கண்ணாடியில் தன் கையைப் பார்த்தபடி.

"முந்நூறு மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும் சார்" என்றான் கையுறைப் பையன்.

அன்பரசு சும்மா இருக்கவில்லை. "சகல, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"அப்ப நீங்க முழுகிட்டாலும் வாட்ச் ஓடிகினே இருக்கும்."

கிரண் சிரித்தார். நல்லவர் மாதிரிதான் சிரித்தார். "சின்னது பொம்பளைங்க வாட்ச் மாதிரி இருக்குது. தூரத்துலேர்ந்து தெரியணும். எங்கப்பாவும் பெருசாதான் பாக்க சொன்னாரு" என்றார். ஹேமா என்னைப் பார்த்தாள். போடுகிறவர் அவர், பிடித்ததைப் போடட்டும் என்று நான்தான் சொன்னேன். நாற்பத்து நாலை வாங்கினோம். கண்ணிகளைக் கழற்றிக் கிரண் கைக்கு அளவு செய்தார்கள். பில்லை ஹேமா தன் பையில் வைத்தாள்.

நிச்சயதார்த்தம் ஆவணி பிறந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதுவரை வாட்ச் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்க வேண்டும். தட்டில் வைத்து, பூ வைத்து, பிறகு கட்டுவது. ஆடி பிறந்து கொஞ்ச நாளில் கிரண் வந்து, "அளவு சரியா இருக்குதான்னு ஒருநாள் போட்டுப் பாத்துட்டு குடுக்கறேன்க்கா" என்று வாங்கிப் போனார். திரும்பி வரவில்லை. வாட்சைச் சொல்கிறேன். ஆடி வெள்ளிக்குப் படவேட்டில் அம்மனைக் கும்பிடுகிற கூட்டத்தில் அதைக் கட்டிக்கொண்டு, கையை மார்புக்கு நேரே வைத்து நடந்தாராம். பார்த்தவர்கள் வந்து எங்களிடம் சொன்னார்கள். கட்டுவதற்கு முன்னாலேயே கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. பந்தி போடுவதற்கு முன் இலையில் கை வைக்கிறவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அம்மா, "வுடுடி, சின்னப் புள்ளையாட்டம் ஆசை" என்றாள். இந்த இடம் தவறினால் ஹேமாவுக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அம்மாவின் ஒரே நினைப்பு.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, காலையில் கிரண் வீட்டுக்கு வந்தார். சேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நான் தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஹேமா தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். மாம்பழ மஞ்சள் பாவு ஜன்னல் வெளிச்சத்தில் தகடு மாதிரி கிடந்தது.

தறிக்குப் பக்கத்தில் வருகிறவர்கள் வளையல், மோதிரம், வாட்ச் எதுவானாலும் கழற்றிவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். எங்கள் ஊரில் எல்.கே.ஜி. படிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். பட்டுக் கடை முதலாளி மகனுக்குத் தெரியாமல் இருக்காது.

"சூப்பரா வந்துகினு இருக்குது. இரு, ஒரு போட்டோ எடுக்கறேன். பட்டு மேல வாட்ச். ஸ்டேட்டஸ் வைக்கலாம்" என்றார். சொல்லிக்கொண்டே இடது கையை அப்படியே பாவின் மேல் வைத்துவிட்டார். வலது கையில் போன்.

"வாட்ச கழட்டிட்டு வைங்க" என்றேன் நான்.

"வாட்சத்தான்க்கா எடுக்கறேன்." போனில் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். ஹேமாவின் வலது கை கயிற்று வளையத்தோடு ஓரத்தில் இருந்தது. "உன் கைய எடு. ஃப்ரேம்ல வருது."

அவள் எடுக்கவில்லை. புரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார் போல. குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிறவர் மாதிரி விளக்கினார். "அதுக்குத்தான பெருசு வாங்கனது. எங்கப்பா ஐடியா. கல்யாண ஆல்பத்துல மாப்ள கையில பெருசா பளபளன்னு ஒண்ணு இருந்தா, ஜனங்க அதத்தான் பாக்கும். இதப் பாக்காது. உனக்கும் நல்லதுதான?"

'இதை' என்றபோது அவர் தாடையால் அவள் கையைக் காட்டினார்.

 அவர் படத்தை எடுத்துவிட்டுக் கையைத் தூக்கினார். நாற்பத்து நாலின் பல் இழைகளைக் கவ்விக்கொண்டு எழுந்தது. அதை உணர்ந்தும் நிற்காமல் வெடுக்கென்று இழுத்தார். பாவில் ஒரு கொத்து அறுந்து சுருண்டது. பக்கத்து இழைகள் தளர்ந்து அலையாயின. அறுந்த மஞ்சள் நூல் வாட்சின் வளையத்திலும் பக்கவாட்டுச் சாவித் திருகிலும் சுற்றிக்கொண்டு தொங்கியது.

அவர் முதலில் என்ன செய்தார் என்பதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வாட்சை வெளிச்சத்தில் பிடித்து, நூலைப் பிய்த்து எறிந்து, சட்டையில் துடைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "நல்லவேளை. கீறல் எதுவும் இல்ல" என்றார். பிறகு பாவைப் பார்த்தார். "நூலுதான? முடிஞ்சிடலாம்."

அறுந்த இழையை முடியலாம். யார் இல்லை என்றார்கள்? அவள் முடிவாள் என்று தெரிந்துதான் அவர் அவ்வளவு நிம்மதியாக நின்றார். பட்டு விற்ற காசில் வளர்ந்த உடம்பு, பட்டு அறுந்ததற்கு ஒரு 'ச்சே' சொல்லவில்லை. 

ஹேமா வளையத்திலிருந்து கையை உருவினாள். குழியிலிருந்து எழுந்தாள். "கழட்டுங்க" என்றாள்.

"இப்பதான் போட்டோ முடிஞ்சிச்சே, இனிமே கழட்டி இன்னா பண்றது?"

"கழட்டுங்க."

கழற்றினார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஞாயித்துக்கிழம நிச்சயத்துக்கு வர வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு? ஒரு நாலு நூலுக்கா?"

"உங்களுக்கு அது நாலு நூலு. நீங்க கெளம்புங்க."

அம்மா அன்று முழுக்க அவளோடு மல்லுக்கு நின்றாள். "ஒரு வார்த்த சொல்லிட்டான், ஆம்பள. அதுக்குன்னு? அடுத்து எவன்டி வருவான்?" ஹேமா அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து முடிந்துகொண்டிருந்தாள். கடைசியில், "அம்மா, என் கைய மறைக்கறதுக்கு என் காசுலயே தட்டி கட்டனவங்க. அந்த வீட்ல நான் எந்தக் கையால சோறு போடறது?" என்றாள். அம்மா அழுதாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ராஜ்குமார் வந்தார். நிச்சயத்துக்கு அல்ல, முறிக்க. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று, நாலு பேருக்குச் சொல்லியாயிற்று, அதனால் எழுதி வாங்காமல் விட முடியாது என்று எங்கள் ஜனத்தில் பெரியவர்கள் இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார். கிரண் வரவில்லை. எழுதின தாளையும் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"நாங்கதான் கையப் பாக்காம ஒத்துகினோம். பெரிய மனசு பண்ணோம். எங்களுக்கே இப்படி" என்றார் பெரியவர்களிடம்.

"கையப் பாக்கலன்னா நாப்பத்து நாலு எதுக்குங்க?" என்றார் அன்பரசு. பெரியவர்களுக்கு அது விளங்கவில்லை. ராஜ்குமாருக்கு விளங்கியது. சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

"பேசிப் பேஜார் பண்ண வேணாம். ஜல்தியா முடிப்போம். பொண்ணுக்கு அப்பா இல்ல, அம்மாவும் பொண்ணும் கை வெச்சா போதும்" என்று சொல்லி, தாளைப் பாயில் விரித்து, மை டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

மை டப்பா கொண்டு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹேமா அதுவரை எல்லா இடத்திலும் கைநாட்டுதான். கை வெந்த பிறகு இடது கையால் எழுதப் பழகியிருந்தாள். எழுத்து பெரிசு பெரிசாகக் கோணிக்கொண்டு வரும். பேங்கில் கணக்குத் தொடங்கப் போனபோது, ஒவ்வொரு தடவையும் கையெழுத்து மாறினால் தொல்லை, பெருவிரலை வைத்துவிடு என்றார்கள். அதிலிருந்து ஆதார், ரேஷன், மகளிர் குழுக் கடன் எல்லாவற்றுக்கும் பெருவிரல். கைநாட்டு வைக்கிறவளுக்குப் படிக்கவும் தெரியாது என்று ராஜ்குமார் எண்ணியிருக்கிறார்.

ஹேமா தாளை எடுத்தாள். நிதானமாகப் படித்தாள். பெரியவர்களில் ஒருவர், "படிக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சத்தமாக வாசித்தாள்: "பெண்ணுக்கு வலது கை ஊனம் என்பது தெரியவந்தபடியால், மாப்பிள்ளை வீட்டார் இந்தச் சம்பந்தத்தை..."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெரியவர்கள் ராஜ்குமாரைப் பார்த்தார்கள்.

"வழக்கமா எழுதறதுதான். ஒரு காரணம் போடணும்ல" என்றார் அவர். அந்த மனிதரின் முகத்தில் வெட்கம் ஒரு துளி இல்லை. வியர்வைதான் இருந்தது. ஊர் முழுக்க இந்தத் தாளைக் காட்டிக்கொண்டு, நாங்கள்தான் வேண்டாம் என்றோம் என்று மகனுக்கு அடுத்த பெண்ணைப் பார்க்கலாம். என் தங்கையின் வெந்த கையை வைத்து வாட்ச் வாங்கினது போதாதென்று, அதே கையை வைத்து மகனின் பேரையும் கழுவப் பார்த்தார்.

"காரணத்த நான் சொல்றேன், எழுதுங்க" என்றாள் ஹேமா பெரியவரிடம். "பெண்ணுக்குச் சம்மதம் இல்லாதபடியால், பெண் இந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவ்ளோதான். வேற எதுவும் வேணாம்."

"பொண்ணு வேணாம்னு எழுதற வழக்கம் நம்ம ஜனத்துல இல்லியேம்மா" என்றார் பெரியவர்.

"இல்லன்னா எதுலயும் கை வைக்க மாட்டேன். நீங்க எழுந்துக்கலாம்."

ராஜ்குமாருக்கு அந்தத் தாள் இல்லாமல் முடியாது. மகனுக்கு வேறு இடம் ஏற்கனவே பார்த்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எதையாவது எழுதிக் குடுங்க" என்றார். பெரியவர் வேறு தாளில் அவள் சொன்னபடியே எழுதினார். அம்மா விரலை மையில் தொட்டு வைத்தாள். அன்பரசு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ராஜ்குமார் கிறுக்கினார்.

மை டப்பாவை ஹேமா பக்கம் நகர்த்தினார்கள். அவள் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு, பெரியவரிடம் பேனாவைக் கேட்டாள். தாள் நகராமல் இருக்க வலது கையை அதன் மேல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டாள். இடது கையால் எழுதினாள். நேரம் பிடித்தது. ராஜ்குமார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார், அவள் அவசரப்படவில்லை. எழுத்துகள் பெரிசாக, கொஞ்சம் கோணலாக, மற்றவர்களின் கையெழுத்தையெல்லாம் நெருக்கித் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தன. ஹேமலதா. எழுதி முடித்துப் படித்துப் பார்த்துவிட்டு, கீழே தேதியையும் அவளே போட்டாள்: 18.8.2024.